ஸ்வெட்டர்: வேர்வையில் பிறந்த சொல்

ஊட்டியில் ஸ்வெட்டருக்குப் பொருள் கேட்டு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் பேசப் பழகும் குழந்தைக்கே அந்தச் சொல் தெரியும். கல்லூரி முடித்த மலைக்காரர்களுக்கு அது இன்னொன்றையும் குறிக்கும்: மார்பில் சின்னம் தைத்து, பெட்டியின் அடியில் கிடக்கிற அந்த ஒரு சட்டை.

ஆங்கிலத்தில் 'ஸ்வெட்' என்றால் வேர்வை. ஸ்வெட்டர் என்றால் வேர்க்க வைப்பது. 19-ஆம் நூற்றாண்டில் படகோட்டிகளும் மற்ற விளையாட்டு வீரர்களும் உடம்பு எடையைக் குறைக்க கனத்த கம்பளியை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். அதனால் வந்த பெயர். குளிருக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. கல்லூரி அடையாளம் அதில் ஏறியது அமெரிக்காவில். 1865-இல் ஹார்வர்டு பேஸ்பால் அணியினர் சட்டையில் 'எச்' எழுத்தைத் தைத்தார்கள். பின்னர் அந்த வழக்கம் ஸ்வெட்டருக்கு வந்தது. முக்கியமான ஆட்டங்களில் ஆடியவர்கள்தான் அந்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம்.

நம் கல்லூரி ஸ்வெட்டர் ஆடி வென்றதல்ல, பணம் கட்டி வாங்கியது. திபெத்தியர் மார்க்கெட்டில் குறைந்த விலைக்கு நல்லதாகவே கிடைக்கும்போது, சின்னத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது எங்கள் வீட்டில் பெரிய மனத்தாங்கல். தோட்டக் கூலியில் பிள்ளையைப் படிக்கவைத்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும்! படிக்கும் காலத்தில் அதை மாட்டவும் பிடிக்காது. கடைத்தெருவில் சின்னம் தெரியாமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வோம்.

வேலைக்காகச் சென்னைக்கு இறங்கியபின் அதைப் போட வழியே இல்லை. அப்போதுதான் அதன்மேல் ஆசை வந்தது. ஊருக்கு வரும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வந்ததும் காற்று மாறும். கை தானாகப் பையைத் துழாவும். தோள் இறுக்கும், முழங்கையில் நூல் பிரிந்திருக்கும், ஆனாலும் மாட்டுவேன். மாட்டியதும் பெருமையும் கூச்சமும் ஒன்றாக வரும். படிப்பைப் பாதியில் விட்ட தோழி ஒருத்தி அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவதைப் பார்த்தபின் கூச்சம் கூடியது. பட்டம் வாங்கிய எங்களைவிட அதை அதிகம் உடுத்தியவள் அவள். அந்தச் சின்னத்தின்மேல் அவளுக்கு உரிமை குறைவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வியர்வைச் சட்டை' என்றால் யாருக்கும் புரியாது. 'பின்னலாடை' செய்முறைக்குப் பொருந்தும். ஆனால் திருப்பூர் அந்தச் சொல்லை பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் சொந்தமாக்கிவிட்டது. 'குளிராடை' என்றால் சால்வை, ஜாக்கெட் எல்லாமே அதில் அடங்கிவிடும்.

ஆடையை அதன் இழையால் அழைப்பது நமக்குப் பழக்கம். புகார் நகரத்து நெசவாளர்களைச் சொல்லும் சிலப்பதிகாரம் 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்' என்கிறது. மயிர் என்பது விலங்கின் மயிர். மணிமேகலையில் கம்பளச் செட்டி ஒருவர் வருகிறார். கம்பளம் வடமொழியிலிருந்து வந்த சொல், கம்பளி அதன் கிளை. இத்தனை காலம் தமிழில் புழங்கிய சொல்லை ஒதுக்கத் தேவையில்லை. இன்று பல ஸ்வெட்டர்கள் அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் வருகின்றன என்றாலும், அவற்றையும் மக்கள் கம்பளி என்றே சொல்கிறார்கள். ஆகவே பொதுவாகக் கம்பளிச் சட்டை. சின்னம் இருந்தால் கல்லூரிக் கம்பளி. 'கல்லூரிக் கம்பளியை எடுத்து வைக்கா, மலையேறப் போறோம்' என்றால் என் அக்காவுக்கு உடனே புரிகிறது.

அப்புறம் ஹூடி. இப்போதைய மாணவர்கள் துறைப் பெயரை அச்சிட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். 'ஹூட்' என்பது தலையை மூடுவது. பனிக்காலத்தில் மலையில் முக்காடு போடாதவர் யார்? முக்காட்டுச் சட்டை என்று தயங்காமல் சொல்லலாம்.