ஏர்பிராக்ஸ் – தமிழில் என்ன சொல்வது?

‘நடுவானில் நூலிழையில் தப்பிய விமானங்கள்’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால், விமானத் துறையில் அதற்கு ஓர் ‘ஏர்பிராக்ஸ்’ அறிக்கை பதிவாகியிருக்கும். ‘ஏர்கிராஃப்ட் பிராக்ஸிமிட்டி’ என்ற தொடரின் சுருக்கம் இது. பிராக்ஸிமிட்டிக்கு மூலம் ‘பிராக்ஸிமுஸ்’ என்ற லத்தீன் சொல். ‘மிக அருகிலுள்ள’ என்று பொருள். பிரிட்டனில் முன்பு ‘ஏர்மிஸ்’ என்றார்கள்.

அருகில் வந்தாலே ஏர்பிராக்ஸ் ஆகிவிடாது. சான்பிரான்சிஸ்கோவின் இணை ஓடுபாதைகளுக்கு இடையே சுமார் 230 மீட்டர்தான். வானம் தெளிவாக இருக்கும்போது, ஒரு விமானி மற்ற விமானத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இறங்குவது அங்கே பல்லாண்டுப் பழக்கமாக இருந்தது. அதே சமயம், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்தும் ஒன்றையொன்று நோக்கிப் பாயும் இரண்டு விமானங்களின் நிலை வேறு. தொலைவு, நிலை, வேகம் மூன்றையும் வைத்துப் பார்க்கையில் பாதுகாப்பு குலைந்திருக்கலாம் என்று விமானியோ வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோ கருதினால் அது ஏர்பிராக்ஸ். பன்னாட்டு வரையறையே ‘கருத்து’ என்றுதான் தொடங்குகிறது.

அந்தக் கருத்தைப் பின்னர் எடைபோட்டுத் தரம் பிரிப்பார்கள்: மோதும் இடர் இருந்தது ஏ, பாதுகாப்பு உறுதிப்படவில்லை என்றால் பி, மோதும் இடரே இல்லை சி, முடிவுசெய்யத் தகவல் போதாது டி. அப்போது எழும் கேள்விகள்: கட்டுப்பாட்டாளர் கண்டுகொண்டாரா, விமானி பார்த்தாரா, மோதல் தவிர்ப்புக் கருவியான டீகாஸ் எச்சரித்ததா, அல்லது வெறும் தற்செயல்தான் காப்பாற்றியதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், எத்தனை மீட்டரில் தப்பினாலும் கவலைக்குரியதே.

பரபரப்பான விமான நிலையங்களில் வருகை விமானங்கள் பல திசைகளிலிருந்து ஒரே வரிசைக்குள் நுழைகின்றன, அதுவும் உயரமும் வேகமும் குறைந்துகொண்டே வருகையில். நிலையத்தை ஒட்டிய வான்வெளியில், பொதுவாகப் பக்கவாட்டில் 3 கடல் மைல் (சுமார் 5.5 கி.மீ.) அல்லது உயரத்தில் 1,000 அடி இடைவெளி வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு வந்த கசகஸ்தான் விமானத்துக்கு ஒதுக்கிய உயரம் 15,000 அடி. புறப்பட்ட சவூதி விமானத்துக்கு 14,000. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வழித்தடம். ரேடாரில் உயரம் தெரியாது. கசகஸ்தான் விமானம் தன் உயரத்தைவிட்டுக் கீழிறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடந்த மோதலில் 349 பேர் இறந்தனர். இதன் பிறகே இந்திய வான்வெளியில் டீகாஸ் கட்டாயமானது.

இனி தமிழ்ச்சொல். ‘நூலிழைத் தப்பல்’ பொருந்தாது. சி தரத்தில் தப்புவதற்கு ஒன்றுமேயில்லை. ‘விமான அண்மை’ வெறும் தொலைவைத்தான் சொல்கிறது. அணுகு என்பதிலிருந்து வரும் ‘அணுக்கம்’ நெருங்கி வருதலைக் காட்டும். ஆனால் ‘அணுக்கத் தொண்டர்’ என்று பழகிய காதுக்கு அது பாசமாகவே ஒலிக்கும், கூடவே ‘இடர்’ வந்தாக வேண்டும். ஆகவே என் தேர்வு ‘வான் அணுக்க இடர்’. அறிக்கைகளில் ‘அணுக்க இடர், தரம் பி’ என்று சுருக்கமாகவும் எழுதலாம்.