ஜூலை வெயிலில் ஒரு குளிர்ந்த ஏரி

கரையில் 27 டிகிரி வெயில். ஆனால் சுப்பீரியர் ஏரியில் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை இறக்குகிறவர்கள் கழுத்துவரை வெட்சூட் என்ற குளிர் தாங்கும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு வியர்வையில் நனைகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைத்துப் பாருங்கள், விரல் எலும்பே வலிக்கும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே சுமார் 82,100 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் இந்த ஏரி, கோடையிலும் ஏன் இவ்வளவு குளிர்கிறது? தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: 4 டிகிரியில்தான் அதன் அடர்த்தி அதிகம். குளிர்காலம் முடிந்து, வெயில் பட்டு 4 டிகிரியை எட்டும் மேல்நீர் கனத்துக் கீழே இறங்கிவிடும். அந்த இடத்துக்கு இன்னும் குளிர்ந்த நீர் வரும். இப்படி மொத்த நீரும் 4 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வெதுவெதுப்பான அடுக்கு மேலே தங்கும். சின்னக் குளத்தில் இது சட்டென்று முடிந்துவிடும். சராசரி ஆழமே 147 மீட்டர் என்றால்? நடு ஏரி சூடாகத் தொடங்குவதற்குள் பாதிக் கோடை போய்விடுகிறது. அப்படிச் சேர்ந்த சூட்டையும் நம்ப முடியாது. கரையிலிருந்து காற்று வீசினால் மேலடுக்கு நடு ஏரிப் பக்கம் போய்விடும், அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வரும். நேற்று குளித்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது.

இந்த நீரில் கவிழ்ந்தால் உடல் விறைத்துச் சாவோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு நேரமாகும். முதல் ஆபத்து மூச்சில் இருக்கிறது. குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கினார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் முக்கியமாக உதவுவது அந்த முதல் நிமிடத்தில்தான். வெட்சூட் பிறகு வரும் நிமிடங்களை நீட்டித் தருகிறது.

அப்புறம் படகு. கேனூ என்ற துடுப்புப் படகு மேலே திறந்தது. இரண்டு அலை உள்ளே வந்தாலே தொட்டிதான். அதனால்தான் அந்தக் காலத்தில் விலங்கு ரோமத் தோல் வணிகர்களின் ஆட்கள் 11 மீட்டர் நீள பிர்ச் மரப்பட்டைக் கேனூக்களிலும் கரையை ஒட்டியே போனார்கள், காற்று கிளம்புமுன் விடியலிலேயே புறப்பட்டார்கள். கடல் கயாக்கில் மேல்தளம் மூடியிருக்கும். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்த காற்றறைகள், கவிழ்ந்தாலும் அதை மிதக்க வைக்கும்.

ஆனால் கரையை ஒட்டிப் போவதே சில இடங்களில் தவறாகிவிடும். தென்கரையில் பிக்சர்டு ராக்ஸ் என்ற இடத்தில் செங்குத்துப் பாறைகள் சுவர்போல நிற்கின்றன. அலை மோதித் திரும்பும்போது எதிரே வரும் அலையோடு சேர்ந்தால், நீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கு எழும்பும். எந்தப் பக்கம் சாய்ந்து துடுப்பை ஊன்றுவது என்றே தெரியாது. ஏரி கொந்தளித்தால் அங்கே பழகியவர்கள் பாறையை விட்டு நன்றாக விலகி, நடு ஏரிப் பக்கம் திரும்புவார்கள்.