“அவனுக்கு அர்த்தமா தெரியும்?”: காலரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால்) சீசன் தொடங்கி, கூட்டம் உட்காரும் படிக்கட்டு காலரி எழும்பி, ஃப்ளட்லைட் ஏறிவிட்டால், அடுத்த சில வாரங்களில் என் அறைக்கு யார் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற பையன், பள்ளியிலிருந்து போன் வந்ததில் கண் கலங்கிப்போன அம்மா, “இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட வரணும்” என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் அப்பா. (நான் டாக்டர் இல்லை, குழந்தைகளைப் பார்க்கும் சைக்காலஜிஸ்ட். திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன்.)

புகார் ஒன்றுதான். பையன் கெட்ட வார்த்தை பேசுகிறான். ஏதோ மூக்கைச் சுளிக்கிற ரகமாக இருந்தால் பள்ளியே சமாளித்துக்கொள்ளும். இது வேன் ஆயா அழுதுகொண்டே இறங்கிப் போகிற ரகம். எங்கே கற்றான் என்று கேட்டால் யூடியூப், பக்கத்து வீட்டுப் பையன், வேன் டிரைவர் என்று பட்டியல் நீளும். மேட்ச் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. நானாகக் கேட்டால்தான், “ஓ, போவோமுங்களே! இவன்தான் முதல்ல ரெடியாகி நிப்பான்” என்பார்கள். அப்புறம் அந்த வாக்கியம் வரும். “ஏனுங்க டாக்டர், காலரின்னா நாலு பேர் நாலு விதமாத்தான் கத்துவாங்க. அவனுக்கு அர்த்தமா தெரியும்?”

இந்த வாக்கியத்தை இந்த வருடம் அளவுக்கு மிஞ்சிக் கேட்டாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் தெரியாதுதான். ஆனால் பிள்ளைகள் எந்த வார்த்தையை அர்த்தம் தெரிந்துகொண்டு கற்றார்கள்? “சரி”, “அய்யோ”, “அப்படியா” இதற்கெல்லாம் நீங்கள் அகராதி காட்டினீர்களா? எப்போது சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், சொன்னதும் என்ன நடக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துத்தான் பிள்ளை ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறது. காலரியில் மூன்றும் பளிச்சென்று கிடைக்கின்றன. எப்போது? நம் டீமுக்கு ஃபவுல் தராதபோது. யாரை? ரெஃப்ரியை, எதிர் டீம் கோலியை. சொன்னதும்? சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக எந்த டீச்சரும் பாடம் நடத்த முடியாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனும் நானும் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தோம். அப்பா ஓரத்தில் நாற்காலியில். 90-ஐத் தாண்டியதும் பாம்பு கொத்தி அவன் காய் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சட்டென்று நாற்காலி மேல் ஏறி நின்றான். ஒரு கையை வாயருகே குவித்துக்கொண்டான். இன்னொரு கையை என்னைப் பார்த்து நீட்டி, ராகம் போட்டு இழுத்து அந்த வார்த்தையைச் சொன்னான். சொல்லி முடித்த நொடியில் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தான், சிரிப்பு வருகிறதா என்று. அப்பாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வரத்தான் செய்தது. அடக்கிக்கொண்டார். அதற்குள் பையன் பார்த்துவிட்டான்.

அர்த்தம் தெரியாத பையன் செய்த வேலை இது. இடம், நேரம், உடல்மொழி, ராகம், பலன் எல்லாம் தெரியும். அகராதி அர்த்தம் ஒன்றுதான் பாக்கி. அதை ஆறாவதிலோ ஏழாவதிலோ கூடப் படிக்கிறவன் சொல்லித் தருவான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. உளவியல் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே படித்துவிடுகிற பாடம். 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பாண்டுராவும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் அடிப்பதையும், அடித்துக்கொண்டே வாய்விட்டுச் சில வார்த்தைகள் சொல்வதையும் நர்சரிப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தார்கள். பிறகு பிள்ளைகளைத் தனியே பொம்மையோடு விட்டபோது, அடித்ததை மட்டுமல்ல, அந்த வார்த்தைகளையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். 1965-இல் பாண்டுரா செய்த இன்னொரு சோதனை நம் அப்பாக்களுக்கு இன்னும் முக்கியம். அடித்த பெரியவருக்குத் திட்டு விழுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ஆனால் “அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு” என்றதும், அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். கற்பது எல்லோரும் கற்றாகிவிட்டது, வெளியே எடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். “வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டானுங்க, ஸ்கூல்லதான்” என்கிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

இதன் கிளையாக எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சமாதானமும் உண்டு. “அவங்க மலையாளத்துலதானே திட்டுனாங்க.” உங்கள் பையன் பள்ளியில் என்ன பாஷை பேசுகிறான் என்று நினைத்தீர்கள்? நம் பிள்ளைகள் இரண்டு பாஷையிலும் விளையாடுகிறார்கள், இரண்டிலும் சண்டை போடுகிறார்கள். இரண்டிலும் திட்டுவார்கள்.

இணையத்தில் படித்துவிட்டு “டூரெட்டா இருக்குமோ” என்று பயந்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டூரெட் என்றால் முதலில் கண் சிமிட்டல், கழுத்தை வெட்டுதல், தொண்டையைச் செருமுதல் போன்ற அடக்க முடியாத அசைவுகளும் ஒலிகளும் இருக்க வேண்டும். அந்தப் பிரச்சினை உள்ளவர்களிலேயே சிறு பகுதியினருக்குத்தான் கெட்ட வார்த்தை தானாக வரும். ஆள் பார்த்து, நேரம் பார்த்து, ராகம் போட்டுத் திட்டுகிற பையனுக்கு டூரெட் இல்லை. அவனிடம் காலரி டிக்கெட் இருக்கிறது.

சரி, அர்த்தம் தெரிந்த பிள்ளைகளின் கதை என்ன? அதைப் பற்றி யாரும் என்னிடம் புகார் கொண்டு வருவதில்லை, ஏனென்றால் அவர்கள் சத்தம் போடுவதில்லை. பரீட்சை பயம் என்று அழைத்து வரப்பட்ட ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும். வருடா வருடம் அப்பாவோடு மேட்ச் பார்த்தவள். எந்த டீமுக்கு எந்த வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார், யார் இடது கால் ஆட்டக்காரர் என்று என்னிடமே அரை மணி நேரம் பேசினாள். இந்த வருடம் போகவில்லை. “பெரிய பிள்ளை ஆயிட்டா, ஆர்வம் போயிருச்சு” என்றார் அப்பா. அவர் வெளியே போனதும் நான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “அவங்க அம்மாவையும் அக்காவையும் சொல்லித்தானே திட்டுறாங்க. அப்பாவும் சிரிக்கிறாரு” என்றாள்.

அந்த அப்பா ஒரு வார்த்தை திட்டியவர் இல்லை, சிரித்தவர் மட்டும்தான். காலரியில் ஏன் பெண்கள் கூட்டம் குறைகிறது என்று மேட்ச் நடத்துகிற கமிட்டிக்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பாத்ரூம் வசதியைச் சொல்வேன், அது உண்மைதான். இதுவும் உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. செவன்ஸில் ஆப்பிரிக்க வீரர்கள் ஆடுவது நமக்குப் புதிதில்லை. நம் டீமில் ஆடினால் செல்லம், எதிர் டீமில் ஆடினால் நிறத்தைச் சொல்லித் திட்டு. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் அரீக்கோடு பக்கம் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் தாக்கியது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார். காலரியில் கேட்ட குரங்குச் சத்தத்தை வகுப்பில் கறுப்பாக இருக்கிற பிள்ளையிடம் பயன்படுத்திய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு அகராதியே தேவையில்லை.

“கத்தினாத்தானுங்க மனசு லேசாகும்” என்பவர்களிடம் நீண்ட விவாதத்துக்குப் போக எனக்கு நேரமில்லை. ஐஸ் தண்ணீரில் கைவைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னவர்கள் அதிக நேரம் வலி தாங்கினார்கள் என்று 2009-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள், உண்மை. அது வலிக்கு. கோபத்துக்கு நேர் எதிர்: கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு எழுந்தார்கள் என்று உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் காட்டினார். “விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம்” என்பதற்கு விளையாட்டே உடன்படவில்லை. ஃபுட்பால் விதிப் புத்தகத்தின் 12-ஆவது விதிப்படி, ஆபாசமாகவோ அவமதித்தோ பேசுகிற வீரருக்குச் சிவப்பு அட்டை. உள்ளே ஆடுகிறவன் சொன்னால் வெளியே, காலரியில் இருக்கிறவன் சொன்னால் கைதட்டல்! பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாக ஆபாச வார்த்தை பேசினால் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. காலரிக்குப் போலீசைக் கூப்பிடச் சொல்லவில்லை. சகஜம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்கிறேன்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

மேட்சுக்குக் கூட்டிப் போங்கள். அப்பாவோடு ராத்திரி மேட்ச் பார்ப்பது பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய சந்தோஷம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கோல்போஸ்டுக்குப் பின்னால், செண்டை அடிக்கிற கும்பலுக்கு நடுவில் உட்கார வைக்காதீர்கள். கொஞ்சம் காசு கூடினாலும் கசேரா (நாற்காலி) பக்கம் டிக்கெட் எடுங்கள். தற்காலிக காலரியின் உச்சிப் படியில் சின்னப் பிள்ளையை உட்கார வைப்பது வேறு காரணத்துக்காகவும் வேண்டாம். 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணியில் காலரி சரிந்து பலர் காயம்பட்டது இதற்குள் மறந்திருக்காது.

பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்தால், சண்டைக்குப் போகாமல் “சேட்டா, குட்டிகளுண்டு” என்று சொல்லிப் பாருங்கள். நம்மூர்க்காரர் என்றால் “அண்ணா, குழந்தைங்க இருக்குதுங்க.” பலர் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கத்துகிறவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. குடித்திருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள், வாலண்டியரிடம் சொல்லுங்கள்.

வார்த்தை காதில் விழுந்துவிட்டதா? பிள்ளையின் காதைப் பொத்தாதீர்கள். பொத்துவதற்குள் கேட்டாகிவிட்டது, பொத்தியதால் அது பொக்கிஷமாகிவிட்டது. உங்கள் முகத்தைத்தான் அவன் பார்க்கிறான். சிரிக்காதீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். வீடு திரும்பும்போது பைக்கில், “அந்த அண்ணன் ஒரு வார்த்தை கத்துனாருல்ல, அது நம்ம பேசற வார்த்தை இல்ல” என்று ஒரு வரி போதும். பிரசங்கம் வேண்டாம்.

ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்ட பிள்ளை என்றால், அடிக்காதீர்கள். வாயில் மிளகாய் வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது கொடுமை, அதைவிட முட்டாள்தனம், ஏனென்றால் வார்த்தை போகாது, உங்களிடம் பேசுவதுதான் போகும். பாட்டி வந்திருக்கும்போது “அன்னிக்கு சொன்னியே, சொல்லு கண்ணு” என்று அரங்கேற்றம் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது! முகத்தை மாற்றாமல், “அது வேண்டாம், கோபம் வந்தா வேற எப்படிச் சொல்வே?” என்று கேளுங்கள். கத்துவதற்கு ஏதாவது கொடுங்கள். “ஃபவுல்!” என்று தொண்டை கிழியக் கத்தட்டும், டீம் பெயரைக் கத்தட்டும். பலன் கிடைக்காத வார்த்தை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். அதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை. வார்த்தையோடு கையும் நீள்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் வாருங்கள்.

பிள்ளைகளே ஆடுகிற மேட்ச்களில் கோட்டோரம் நின்று ரெஃப்ரியைத் திட்டுகிற அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. அந்த ரெஃப்ரி பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி பி.டி. சார். திங்கட்கிழமை காலையில் உங்கள் மகன் அவர் முன்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பையன்கள் மைதானத்தில் பந்தைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறார்கள். அடுத்த வருடம் “கால் வலிக்குது” என்று ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

கமிட்டிக்காரர்களே, மைக் உங்களிடம்தான் இருக்கிறது. ஸ்பான்சர் பெயரை நூறு தடவை சொல்கிறீர்கள், இடைவேளையில் இதையும் இரண்டு பாஷையிலும் ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு பக்கத்தைக் குடும்பங்களுக்கென்று கயிறு கட்டிப் பிரித்து, அங்கே இரண்டு வாலண்டியர்களை நிறுத்துங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. நிறத்தைச் சொல்லித் திட்டு கிளம்பினால், சர்வதேச ஆட்டங்களில் செய்கிற மாதிரி முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடங்காவிட்டால் வீரர்களை உள்ளே அழைத்துக்கொள்வது, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் ரத்து என்று முதல் நாளே டிக்கெட்டின் பின்னால் அச்சடித்துவிடுங்கள். அச்சடிக்கிறபோது பெண்கள் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.