"குடிச்சா மட்டுந்தான் மிஸ்"

இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். காயத்தோடு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அடிக்கடி சொல்லும் காரணம், "மலையில வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்." மழைக்காலத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சரிவில் விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும்தான் தேயும். மேல்கையின் உட்புறத்தில் நான்கு விரல் தடம் பதியாது.

தடத்தைப் பற்றி மெல்லக் கேட்டால், "குடிச்சா மட்டுந்தான் மிஸ் அப்படி. மத்தபடி நல்ல மனுசன்" என்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மனிதர் தவறணை என்ற சாராயக்கடையிலிருந்து வரும் வழியில், வேலையை மேற்பார்க்கும் கங்காணியைக் கண்டால், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுகிறார். யாரிடம் கை நீட்டலாம், யாரிடம் கூடாது என்பது போதையிலும் தெரிகிறது. குடி அடியைக் கூட்டும், சரி. அடிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற நினைப்பு குடியால் வந்ததல்ல. "பொம்பளைன்னா பொறுத்துத்தான் போகணும்" என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் சின்ன வயதிலேயே ஊட்டி வளர்த்தது அது.

அடிபட்ட அன்றே ஏன் வரவில்லை? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அன்றைய சம்பளத்தை இழந்துதான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். 1984 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி. ஆனால் கவ்வாத்துக்கும் (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை) புல்வெட்டுக்கும் போகும் ஆண்கள் பல தோட்டங்களில் மதியத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண் மாலையில் இறங்கி வந்து நேரே அடுப்படிக்குப் போகிறாள். மலையில் ஒதுங்க இடமில்லையென்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலிருந்து சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களையும் பார்க்கிறேன். வலியோடு இருப்பதே வழக்கமாகிப்போன உடம்பு, அடியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

அப்புறம் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதிலுள்ள காம்பரா (வீட்டு அறை) பெரும்பாலும் கணவர் வீட்டாருடையது. "வெளிய வந்தா புள்ளைங்களோட எங்க போறது மிஸ்?" என்ற கேள்வியில்தான் பலருடைய பேச்சு நின்றுவிடுகிறது.

அவர்களுக்கு நான் சொல்வது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதற்கு விவாகரத்து தேவையில்லை. மனதை நோகடிக்கும் கொடுமையும் இந்தச் சட்டத்தில் அடங்கும். முக்கியமாக, இருவரும் சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அடித்தவர் நுழையக் கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவள் அவள்தான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அவளுக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். "தோட்டத்துல இது வழக்கந்தானே" என்று பொலிஸில் யாராவது திருப்பியனுப்பப் பார்த்தால், இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி முறைப்பாட்டை எழுதச் சொல்லுங்கள்.

பல அரச ஆஸ்பத்திரிகளில், இப்படி அடிபடும் பெண்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருக்கிறது. மகளிர் உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1938. பக்கத்துக் காம்பராக்காரர்களே, லயத்துச் சுவரில் எல்லாமே கேட்கும். புருஷன் பொண்டாட்டி சண்டை என்று விட்டுவிடாமல் கதவைத் தட்டுங்கள். தட்டப் பயமாயிருந்தால் அந்த இலக்கத்துக்குப் பேசுங்கள்.