மனைப்பிரிவுக்குப் பதிவு இருந்தால் புரோக்கருக்கும் இருக்கிறதா?

போன வாரமும் ஒருவர் வந்தார். கையில் ஒரு லெட்டர்பேடு தாள். அதில் வட்ட முத்திரை, கையெழுத்து, "மேற்படி மனையின் சந்தை மதிப்பு சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே ஒரு வரி. எழுதிக் கொடுத்தவர் அதே மனையை விற்றுத்தரும் புரோக்கர்! அதை நம்பி விலையில் கால் பங்கை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, வங்கிக் கடனுக்கு நானும் அதே தொகையைப் போட்டுத் தர வேண்டும் என்கிறார். மதிப்பீட்டாளர் வேலையில் இந்த மாதிரித் தாள்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"சார், அவர் ரெரா நம்பர் போட்டிருக்கிறாரே" என்றார். எல்லோரும் சொல்வது இதைத்தான். தாளின் தலைப்பில் இருந்த எண்ணை அவரையே படிக்கச் சொன்னேன். நடுவில் 'லேஅவுட்' என்று இருந்தது. அது மனைப்பிரிவுக்கான எண். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், மனைகளைப் பிரித்து விற்கும் புரோமோட்டர் வாங்கியது. அந்த மனைகளை விற்றுத்தரும் முகவர் 9-ஆம் பிரிவின்படி தன் பெயரில் தனியாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அந்த எண்ணில் 'ஏஜென்ட்' என்றே இருக்கும். புரோமோட்டர் வாங்கிய பதிவு விற்றுத்தருகிறவருக்கு ஒட்டாது. நோட்டீஸில் அச்சடித்தாலும் ஒட்டாது, பேனரில் போட்டாலும் ஒட்டாது. பதியாமல் விற்றுக்கொடுத்தால் 62-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகும்.

சரி, முறையாகப் பதிந்த முகவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மதிப்பீடு அவர் வேலை இல்லை. விலை ஏறினால் அவர் கமிஷனும் ஏறும். அவர் சொல்வது கேட்கும் விலை, அவ்வளவுதான். கம்பெனிகள் சட்டம் 247-ஆம் பிரிவின் கீழ் நிலம், கட்டடத்துக்கு மதிப்பீட்டாளராகப் பதிய சிவில், ஆர்கிடெக்சர் போன்ற படிப்பும் அனுபவமும் வேண்டும். அப்புறம் 50 மணி நேரப் பயிற்சி, தேர்வு, அதன்பிறகே ஐபிபிஐ என்னும் இந்திய திவால் வாரியத்தில் பதிவு. எங்கள் பதிவிலும் வகை உண்டு. இயந்திரங்களுக்குப் பதிந்தவரிடம் வீட்டுக்கு அறிக்கை வாங்காதீர்கள். கடன் என்றால் வங்கி தன் பட்டியலில் உள்ளவரைத்தான் ஏற்கும். யார் என்று முதலிலேயே கிளையில் கேளுங்கள்.

முகவரின் பெயரையும் எண்ணையும் டிஎன்ரெரா, அதாவது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணைய இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். காலாவதி தேதியையும் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரோமோட்டர் வாங்கவே கூடாது. 13-ஆம் பிரிவு அது. "இன்றைக்கு விட்டால் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால் போகட்டும், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தனியாரிடம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 9-ஆம் பிரிவு பதிவுபெற்ற திட்டத்தில் புரோமோட்டர் விற்பதற்குத்தான். மறுவிற்பனைத் தரகரை அது கட்டாது. அங்கே வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பதிவுபெற்ற திட்டத்தில் ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு 31-ஆம் பிரிவின் கீழ் டிஎன்ரெராவில் புகார் கொடுங்கள். முகவர் மீதும் கொடுக்கலாம்.