பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா: பெரிய சென்சார் தருவது என்ன, தராதது என்ன?

ஒரு காலத்தில் கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் மட்டுமே தோளில் மாட்டித் திரிந்த கேமராக்கள் இப்போது அடிமட்ட விலைக்கு வந்துவிட்டன. கேனான் 5டி மார்க் 2, கேனான் 6டி, நிக்கான் டி700, டி600, சோனியின் முதல் ஏ7 எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 2018ல் கேனானும் நிக்கானும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஃபுல் ஃப்ரேம் வரிசைகளைத் தொடங்கிய பிறகு, அந்தக் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர்களை விற்றுவிட்டுப் புதியதற்குப் போனவர்கள் ஏராளம். அதனால் சந்தையில் சரக்கு குவிந்து விலை இறங்கியது.

விலையைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் ஃபுல் ஃப்ரேம் என்றால் படம் தானாகவே அழகாகிவிடும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெரிய சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, தருவது ஒன்றே ஒன்றுதான்: கூடுதல் வெளிச்சம். அதையும் சில நிபந்தனைகளோடுதான் தருகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து, இரண்டு சினிமா சட்டங்களின் இடத்தில் ஒரு படம் எடுக்கும் சின்னக் கேமராவை ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்தார். அது 1925ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்த அளவும் அப்படியே நிலைத்துவிட்டது. இயற்பியல் விதி எதுவும் இந்த அளவைத் தீர்மானிக்கவில்லை, பழக்கம்தான். கிராப் சென்சார் என்று நாம் சொல்லும் ஏபிஎஸ்-சி, நிக்கானிலும் சோனியிலும் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. பரப்பளவில் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மி.மீ., கிராப் 367. அதாவது 2.36 மடங்கு.

இந்த 2.36 மடங்குக்கு விலை மட்டும் ஏன் அவ்வளவு எகிறியது? சிலிக்கான் தட்டில் சர்க்யூட்டைப் பதிக்கும் இயந்திரங்கள் ஒரே மூச்சில் பதிக்கக்கூடிய பரப்பு பொதுவாக 26 × 33 மி.மீ. தான். ஃபுல் ஃப்ரேம் அதற்குள் அடங்காது. துண்டு துண்டாகப் பதித்து, நூலிழை பிசகாமல் ஒட்ட வேண்டும். தவிர, தட்டில் எங்கேயாவது ஒரு குறை இருந்தால், அதில் சிக்கும் வாய்ப்பும் பெரிய சில்லுக்குத்தான் அதிகம். பழைய கேமராவில் இந்தச் செலவையெல்லாம் முதல் சொந்தக்காரர் எப்போதோ கட்டிவிட்டார்.

சரி, கூடுதல் வெளிச்சத்தால் என்ன லாபம்? மங்கலான இடத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரியுமே, அதைத்தான் நாய்ஸ் என்கிறோம். அது முழுக்க கேமராவின் குறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பகுதி வெளிச்சத்தின் குணம். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. அவை ஒரே சீராக வருவதில்லை. தூறல் போடும்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தரைக்கற்களில் ஒன்றில் ஏழு துளி விழும், இன்னொன்றில் பன்னிரண்டு விழும். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். அதேபோல, ஒரே நிறச் சுவரைப் படமெடுத்தாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின்னாகவே இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். சராசரியாக 100 ஃபோட்டான் வந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 சதவீதம். 10,000 வந்தால் ஏற்ற இறக்கம் 100. வெறும் 1 சதவீதம். வெளிச்சம் கூடக் கூட நாய்ஸ் மொத்தத்தில் ஏறினாலும், படத்தோடு ஒப்பிட்டால் அமுங்கிப்போகிறது. இனி நம் கணக்கு: கிராப் சென்சாரில் படத்தின் ஒரு பகுதிக்கு 100 ஃபோட்டான் கிடைத்த இடத்தில் ஃபுல் ஃப்ரேமில் 236 கிடைக்கும். நாய்ஸ் 10 சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதமாக இறங்கும். புகைப்படக்காரர்கள் பாஷையில் இது ஒன்றேகால் ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஐஎஸ்ஓ (இருட்டில் படத்தை வெளிச்சமாக்க ஏற்றிவைக்கும் எண்) 3200ல் எடுத்த ஃபுல் ஃப்ரேம் படம், அதே காலத்துக் கிராப் கேமராவில் 1400ஐ ஒட்டி எடுத்தது போல இருக்கும். நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவைப் பகலாக்கும் லாபம் இல்லை.

நிபந்தனை என்று சொன்னேனே, அது லென்ஸ். சென்சார் பெரிதாக இருப்பதால் மட்டும் வெளிச்சம் வந்து கொட்டாது. லென்ஸின் துளை அதை உள்ளே விட வேண்டும். ஒரே இடத்தில் நின்று, ஒரே காட்சியை, ஒரே ஷட்டர் நேரத்தில் எடுக்கும்போது, படத்துக்குள் வரும் மொத்த வெளிச்சத்தைத் தீர்மானிப்பது அந்தத் துளையின் விட்டம். கணக்கு எளிது: குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

கிராப் கேமராவில் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டுகிறீர்கள். 35ஐ 1.8ஆல் வகுத்தால் துளை 19.4 மி.மீ. அதே காட்சியைப் பிடிக்க ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 50 மி.மீ. லென்ஸ் வேண்டும். அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 போட்டால் துளை 27.8 மி.மீ.; பரப்பில் இரண்டு மடங்கு வெளிச்சம். பணம் போட்டதற்குப் பலன் கிடைத்தது. ஆனால் பழைய ஃபுல் ஃப்ரேம் பாடிகளோடு (லென்ஸ் நீங்கலான கேமரா) சேர்த்து விற்கும் எஃப் 4 ஜூமை 50 மி.மீ.யில் வைத்தால் துளை வெறும் 12.5 மி.மீ. உங்கள் பழைய கிராப் கேமராவின் சின்ன 35 மி.மீ. லென்ஸ் இதைவிட இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தட்ட வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது! பெரிய கேமரா வாங்கி, இருட்டில் பின்னால் போன கதை இது. கிராப்பில் எஃப் 2.8 ஜூம், ஃபுல் ஃப்ரேமில் எஃப் 4 ஜூம் என்று வைத்தால் இரண்டும் ஏறத்தாழ சமம்.

பின்னணி மங்கலாகிப் பாலாடை போல ஓடுகிறதே, அதுவும் இதே விட்டத்தின் வேலைதான். ஃபுல் ஃப்ரேமுக்கென்று தனியாக ஒரு 'லுக்' இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. 85 மி.மீ. எஃப் 1.8 போட்டு ஒருவரின் முகத்தை எடுத்தால் 47 மி.மீ. துளை கிடைக்கிறது, அவர்கள் ரசிப்பது அதைத்தான் என்பது என் எண்ணம். கிராப்பில் அதே அளவு துளையும் அதே கோணமும் வேண்டுமென்றால் 57 மி.மீ. எஃப் 1.2 போன்ற லென்ஸைத் தேட வேண்டியிருக்கும், அது விலை கூடிய சரக்கு. ஃபுல் ஃப்ரேமின் உண்மையான சௌகரியம் இங்கேதான் இருக்கிறது: எஃப் 1.8 லென்ஸ்கள் பழைய சந்தையில் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். நிக்கானின் எஃப் மவுண்ட் (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) 1959லிருந்து, கேனானின் இஎஃப் மவுண்ட் 1987லிருந்து இருப்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை.

அதே சமயம், கையில் இருக்கும் லென்ஸ்கள் எல்லாம் இதற்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். கேனானின் கிராப் லென்ஸான இஎஃப்-எஸ், கேனான் ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டவே மாட்டாது. நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸ் மாட்டும். ஆனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். 24 மெகாபிக்சல் டி600, 10 மெகாபிக்சல் கேமராவாகிவிடும். பறவைப் படம் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். தூரத்துக் கொக்கு, லென்ஸ் அதேதான் என்றால், சென்சாரில் விழும் கொக்கின் அளவும் அதேதான். சுற்றிலும் கூடுதல் வானம் கிடைக்கும், அவ்வளவுதான். கிராப் அளவுக்கு வெட்டிப் பெரிதாக்கும்போது பழைய 12 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 5 மெகாபிக்சல்தான் மிஞ்சும். பறவைக்காரர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவைக்கலாம்.

அடுத்து வயது. 2008ல் வந்த சென்சாரையும் சில ஆண்டுகள் கழித்து வந்த சென்சாரையும் அளவை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. பிக்சலில் சேர்ந்த மின்னூட்டத்தை எண்ணாக மாற்ற வேண்டும். 5டி மார்க் 2 காலத்துக் கேனான்களில் அந்த வேலையைச் சென்சாருக்கு வெளியே இருக்கும் வேறு சில்லு செய்தது. மெல்லிய சிக்னல் அதுவரை பயணம் போவதற்குள் வழியில் மின் குப்பையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சோனி தன் எக்ஸ்மோர் சென்சார்களில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு மாற்றியைச் சென்சாரிலேயே வைத்துவிட்டது. அந்த வகைச் சென்சார் கொண்ட 2010ஆம் ஆண்டுக் கிராப் கேமரா நிக்கான் டி7000, குறைந்த ஐஎஸ்ஓவில் ஏறக்குறைய 14 ஸ்டாப் வெளிச்ச வீச்சை, அதாவது அடர் நிழலிலிருந்து பளீர் வெளிச்சம் வரையான தூரத்தை, பிடித்தது. ஃபுல் ஃப்ரேமான 5டி மார்க் 2 பிடித்தது 12.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? சூரியனுக்கு எதிரே நிற்கும் ஒருவரை ஐஎஸ்ஓ 100ல், வானம் வெளுத்துவிடாதபடி எடுக்கிறீர்கள். முகம் கருத்துப்போகும். கணினியில் நிழலை மட்டும் மூன்று நான்கு ஸ்டாப் தூக்கினால், பழைய கேனானில் கன்னத்தின் மேல் செங்குத்தாகவும் கிடையாகவும் மெல்லிய கோடுகள் எழுந்து வரும். துணி நெய்தது போலிருக்கும். டி7000ல் வராது. வேடிக்கை என்னவென்றால், அதே பழைய கேனான் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் தைரியமாக நிற்கும். அங்கே சிக்னல் வெளியே கிளம்பும் முன்பே பெருக்கப்பட்டுவிடுவதால், வழியில் சேரும் குப்பை பெரிதாகத் தெரியாது. ஆக, இந்தத் தலைமுறைக் கேமரா இருட்டறையில் ஜெயிக்கும், உச்சி வெயிலில் தோற்கும். கேனான் இதைச் சரிசெய்து 5டி வரிசையில் கொண்டுவந்தது 2016ன் மார்க் 4ல்தான். நிக்கான் டி600, டி750, சோனி ஏ7 ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோகஸ் பற்றி ஒரு வரி: 5டி மார்க் 2ல் தேர்ந்தெடுக்கக்கூடிய 9 புள்ளிகளும் நடுவில்தான் குழுமி நிற்கும். ஓடும் குழந்தையின் கண்ணைத் தானாகப் பின்தொடரும் இன்றைய மிரர்லெஸ்ஸுக்குப் பழகிய கைக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

இவ்வளவு பழைய சென்சார் தேய்ந்திருக்காதா என்று கேட்பார்கள். ஒளியைப் பார்த்துப் பார்த்து சிலிக்கான் களைத்துப்போவதில்லை. ஆண்டுகள் போகப்போக சில பிக்சல்கள் பழுதாகி எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு முப்பது நொடி எக்ஸ்போஷர் கொடுத்துப் பார்த்தால் அவை மின்மினி போலத் தெரிந்துவிடும். தேய்வதெல்லாம் சுற்றியிருக்கும் இயந்திரம்தான், முக்கியமாக ஷட்டர்.

ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்துகொண்டே போகும், இரண்டாவது மூடிக்கொண்டே துரத்தும். 24 மி.மீ. உயரத்தைக் கடக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். 1/4000 வேகம் வைத்தால், முதல் திரை பாதி வழி போவதற்கு வெகு முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளி மட்டும் சென்சாரின் மேல் ஓடும். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு திரை அரை மி.மீ. பிந்தினாலும் அந்தச் சின்ன இடைவெளியில் கால்வாசி போய்விடும். அதனால் சோதனை சுலபம்: சீரான வெளிச்சமுள்ள வானத்தையோ வெள்ளைச் சுவரையோ அதிகபட்ச வேகத்தில் பத்து இருபது படம் எடுங்கள். மேலிருந்து கீழாக வெளிச்சம் படிப்படியாகக் குறைந்தாலோ, ஒரு பட்டை கறுப்பாக வந்தாலோ ஷட்டர் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். சாதாரண வேகத்தில் எடுத்துக் காட்டினால் இது வெளியே தெரியாது.

ஷட்டர் கவுண்ட்டையும், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதையும், கேளுங்கள். 6டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண் ஒரு லட்சம். 5டி மார்க் 2, டி700, டி600க்கு ஒன்றரை லட்சம். அந்த எண்ணில் வந்து நின்றுவிடும் என்றில்லை, தாண்டி ஓடுவதும் உண்டு, முன்பே போவதும் உண்டு. நிக்கான் அந்த எண்ணைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். கேனானின் பல மாடல்களில் கேமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருள் வழியாகத்தான் படிக்க முடியும். விற்பவர் மழுப்பினால் அடுத்த கேமராவைப் பாருங்கள்.

சில மாடல்களுக்கென்றே சில வியாதிகள் உண்டு. 2005ல் வந்த முதல் 5டியில் மிரர் ஒட்டு விட்டுப்போகும். கேனான் அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது, வாங்கப்போகும் பாடிக்கு அது நடந்ததா என்று விசாரியுங்கள். டி600ல் சென்சாரின் மேல் தூசியும் எண்ணெயும் புள்ளி புள்ளியாகப் படியும். நிக்கான் 2013லேயே புது ஷட்டரோடு டி610ஐக் கொண்டுவந்து, அப்புறம் டி600காரர்களுக்கும் இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. எஃப் 16ல் வானத்தை ஒரு படம் எடுத்தால் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும்; துளை சிறிதாக இருக்கும்போதுதான் தூசியின் நிழல் கூர்மையாக விழும்.

முடிவெடுக்க உங்கள் பழைய படங்களே போதும். பிடித்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஐஎஸ்ஓவையும் எஃப் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலானவை ஐஎஸ்ஓ 100க்கும் 400க்கும் நடுவில், எஃப் 8ல் எடுத்த இயற்கைக் காட்சிகள் என்றால் பழைய ஃபுல் ஃப்ரேமால் அதிகப் பயனில்லை. நல்ல டிரைபாட் வாங்கலாம். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறியிருந்து, லென்ஸும் எஃப் 3.5, 5.6 என்று கேமராவோடு வந்த கிட் லென்ஸாகவே இருந்தால், முதலில் இருக்கும் கேமராவுக்கே ஒரு எஃப் 1.8 வாங்குங்கள்: எஃப் 5.6லிருந்து அங்கே மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கும், பாடியை மாற்றினால் ஒன்றேகால்தான். எஃப் 1.8ஐ ஏற்கெனவே முழுக்கத் திறந்துவைத்து எடுத்தும் வெளிச்சம் போதாமல் தவிக்கிறீர்கள் என்றால், கையில் 50, 85 இரண்டில் ஒன்றுக்காவது பணம் மிச்சம் வைத்துக்கொண்டு, தாராளமாக அந்தப் பழைய பாடியைப் போய்ப் பாருங்கள்.