ஆடிஷன் நெருங்கும்போது பிள்ளையின் காலை முறுக்காதீர்கள்

ஜனவரி பிறந்தால் அமெரிக்காவில் பாலே பள்ளிகளின் கோடைப் பயிற்சிக்கு ஆடிஷன்கள் தொடங்கிவிடும். மார்ச் வரை வாராவாரம் ஏதாவது ஓர் ஊரில் நடக்கும். நடனம் ஆடுபவர்களுக்குச் சிகிச்சை தரும் ஃபிசியோதெரபிஸ்ட்களான எங்களிடம் முட்டி வலியோடு பிள்ளைகள் வந்து நிற்பதும் இதே மாதங்களில்தான். இப்போது வந்திருப்பது 13 வயதுப் பெண். முட்டியின் உள்பக்கம் விரல் பட்டாலே துடிக்கிறாள். தினமும் ராத்திரி குப்புறப் படுக்கவைத்து, முட்டிகளைத் தவளை மாதிரி அகட்டி, இடுப்பின்மேல் வீட்டில் ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஆடிஷனுக்குள் டர்ன்அவுட், அதாவது கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது, இரு பாதங்களும் ஒரே நேர்கோடாகும் 180 டிகிரிக்கு வந்துவிட வேண்டுமாம்! எத்தனை முறை சொல்லியாகிவிட்டது.

டர்ன்அவுட் பாதத்தில் பிறப்பதில்லை. தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கம் சுழல்வதுதான் அதற்கு அடிப்படை. பரதநாட்டிய அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் விரிவதும் இதே மூட்டின் வேலைதான். எவ்வளவு சுழலும் என்பதை அந்தக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும், தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது என்பதும் பெருமளவு முடிவு செய்துவிடுகின்றன. ஒரு பக்கத்துக்கு 50, 60 டிகிரி கிடைத்தாலே நல்ல இடுப்பு. மிச்சத்தில் கொஞ்சம் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பின் இயல்பான முறுக்கிலிருந்தும், கொஞ்சம் பாதத்திலிருந்தும் வரும். எலும்பு மறித்த இடத்தில் மேலே உட்கார்ந்து அழுத்தினால் எலும்பு வழிவிடாது. இடுப்புக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பும் முட்டியின் உள்பக்கத் தசைநாரும்தான் அடிவாங்கும்.

இன்னொரு குறுக்குவழி, முட்டியை மடக்கிப் பாதங்களை நேர்கோட்டில் வைத்துவிட்டு, அப்படியே முட்டியை நிமிர்த்துவது. தரை பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், தொடையோ தன் இடத்துக்குத் திரும்பும். நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது முட்டி. பாதத்தின் வளைவு உள்பக்கம் சரியும், இடுப்பு முன்னால் சாயும், கீழ்முதுகு வளையும். தேர்வு செய்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க மெனக்கெடவே வேண்டாம். பாரில் (பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் கம்பி) முதல் ப்ளியே (முட்டியை மடக்கி இறங்குவது) செய்யும்போதே முட்டி கால் கட்டைவிரலுக்கு உள்ளே விழுந்துவிடும். 180 காட்டித் தடுமாறும் பிள்ளையைவிட, 120-ல் நின்று அதை டெண்டூவிலும் (பாதத்தைத் தரையோடு தேய்த்துக் காலை நீட்டுவது) தாவல் முடிந்து இறங்கும்போதும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளைதான் அவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையான அளவை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை குப்புறப் படுக்கட்டும். ஒரு கால் நீட்டியபடி இருக்க, மறுகாலின் முட்டியை 90 டிகிரி மடக்கி, பாதத்தை மெதுவாக உள்பக்கம் சாயவிடச் சொல்லுங்கள். இடுப்பு தரையைவிட்டு எழும் நொடியில் நிறுத்துங்கள். முட்டிக்குக் கீழுள்ள கால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான் அந்த இடுப்பின் சுழற்சி. கையால் அழுத்தி ஐந்து டிகிரி சேர்க்காதீர்கள்! பிறகு சாக்ஸ் போட்டு, வழுக்கும் மரத்தரையில் ஃபர்ஸ்ட் பொசிஷனில் (குதிகால்கள் சேர்ந்து, பாதங்கள் வெளியே திரும்பிய நிலை) நிற்கச் சொல்லுங்கள். தரைப்பிடி இல்லாததால் கடன் வாங்கிய டிகிரிகள் தானாக நழுவிவிடும். நின்ற இடத்தில் ப்ளியே செய்யும்போது முட்டி இரண்டாம் விரலுக்கு நேர்மேலே வந்தால் சரி. ஆடிஷனுக்கு அந்தக் கோணத்தோடு போகட்டும். மிச்ச வாரங்களை, இடுப்பைச் சுழற்றும் உள்தசைகளை வலுப்படுத்தவும் ஒற்றைக்காலில் டர்ன்அவுட் கலையாமல் நிற்கவும் செலவிடட்டும்.

விரல்நுனியில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூ விஷயத்துக்கு வருவோம். புது ஜோடியை ஆடிஷனன்று முதன்முதலாகப் போடாதீர்கள். நான்கைந்து வகுப்புகளில் போட்டுப் பழகியது ஒன்று, அதே நிலையில் மாற்று ஜோடி ஒன்று, ரிப்பனும் எலாஸ்டிக்கும் தைத்துத் தயாராகப் பையில் இருக்கட்டும். வியர்வையில் பாக்ஸ், அதாவது விரல்களைச் சுற்றியுள்ள கெட்டியான முன்பகுதி, இளகும். ஈரத்தோடு பைக்குள் திணித்தால் மறுநாள் தொளதொளத்துப்போன ஷூவில்தான் நிற்க வேண்டும், கணுக்கால் பிசகுவது அப்போதுதான். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

ஆடிஷனன்று அரைமணி நேரம் ஸ்ப்ளிட்டில் (கால்களை எதிரெதிராக முழுக்க நீட்டி) உட்கார்ந்திருக்க வேண்டாம். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசையால் உடனே நன்றாக எம்ப முடியாது. வேகநடை, கால் வீச்சு, கணுக்காலில் எழுந்து இறங்குவது என 20 நிமிடம் உடம்பைச் சூடாக்கினால் போதும். உடையில் குத்தத் தரும் எண் அட்டையின் நான்கு மூலையிலும் ஊக்கு குத்துங்கள், சுற்றும்போது மடங்கிப் பறக்கக் கூடாது. ஆசிரியர் காம்பினேஷனை (தொடராக ஆட வேண்டிய அசைவுகள்) செய்துகாட்டும்போது கையால் குறித்துக்கொண்டே பார்க்கட்டும். தவறினால் நிற்காமல் இசையோடு அடுத்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளட்டும். திருத்தம் சொன்னால் அதையே மறுகாலில் ஆடும்போதே அது தெரிய வேண்டும், கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். எரிபொருள் போதாமல் ஆடும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், பாதத்தின் இரண்டாம் நீள எலும்பின் அடிப்பகுதியில் விரிசல் விழும். பாலே ஆடுபவர்களிடம் நாங்கள் பார்க்கும் எலும்பு விரிசல்களில் இது மிகப் பழகியது. 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுபோனாலோ, ஆடிஷன் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஏற்கெனவே வலி இருந்தால் மாத்திரை போட்டு மறைத்து அனுப்ப வேண்டாம். பாயிண்ட் பகுதியை விட்டுவிட்டு ஆடலாமா என்று பள்ளிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வீடியோ வழியாக ஆடிஷன் எடுக்கும் பள்ளிகள் பல உண்டு, கடைசித் தேதியை இன்றே பார்த்து வையுங்கள்.